சைக்கிளுக்கு எந்த டார்ச்: எல்இடி, செல், எதிரே சாலையைக் கடப்பவரின் கண்

கைப்பிடியில் மாட்ட எந்த டார்ச் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "எவ்வளவு தூரம் அடிக்கணும்?" என்று திருப்பிக் கேட்பேன். இப்போது, "போகிற வழியில் பாதசாரிகள் கடக்கிற இடம் எத்தனை இருக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். என் வழியில் ஒன்பது. சிங்கப்பூரில் இரவு பத்தரைக்கு வேலை முடிந்து, புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துப் பக்கம் ரெயில் காரிடாரில் ஏறி, ஹில்வியூ வரை அதிலேயே வந்து, அப்புறம் நடைபாதையும் பூங்கா இணைப்புப் பாதையுமாக மாறி மாறி புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து சேர்வேன். ரெயில் காரிடார் என்பது 2011 ஜூன் முடிவோடு ரயில் நின்றுபோன பழைய மலாயா ரயில் தடம், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். பெரும்பகுதிக்கு விளக்குக் கம்பமே கிடையாது. காட்டுப்பன்றி குறுக்கே வரும், பாம்பு வரும், மழை பெய்த மறுநாள் குட்டையும் நிழலும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே நல்ல வெளிச்சம் வேண்டும். அங்கிருந்து இறங்கிப் பத்தே நிமிடத்தில், பாதசாரி சிக்னலில் பச்சை மனிதன் வரக் காத்து நிற்கிற வயதானவர்கள் முகத்துக்கு நேரே அதே விளக்கோடு போய் நிற்கிறேன். இந்த இரண்டுக்கும் ஒரே டார்ச் எது என்பதுதான் விஷயம்.

கையில் வைத்து ஓட்டிப் பார்த்த நாலு வகையைச் சொல்கிறேன்.

முதலாவது தூரம் அடிக்கிற வகை. ஆஸ்ராம் டபிள்யூ1 மாதிரி ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர் மட்டுமே உள்ள சின்ன எல்இடி சில்லு, ஆழமான வழவழப்பான ரிஃப்ளெக்டர், உள்ளே 21700 அளவு லித்தியம் அயன் செல் (அளவுகளைப் பிறகு சொல்கிறேன்). சில்லு சின்னதாக இருந்தால் அதே ரிஃப்ளெக்டரில் ஒளி குவிந்து போகும். 60,000 கேண்டெலா (ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற அளவு) என்று பெட்டியில் போட்டிருந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், 490 மீட்டர் வரும். அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), அதாவது முழுநிலா வெளிச்சம். இதுதான் டார்ச்சுகளை அளக்கும் எஃப்எல்1 தரம் "தூரம்" என்று சொல்வது. மலை மேலே நின்று எதிர்மலையைப் பார்க்க அருமையான டார்ச், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சைக்கிளுக்கு? பூங்கா இணைப்புப் பாதையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 7 மீட்டர். எதையோ பார்த்துப் பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆகும், அதற்குள் 7 மீட்டர் போய்விடும், ஈரமில்லாத தரையில் நிற்க இன்னொரு 6 மீட்டர். மொத்தம் 13. ஈரம், மண், தேய்ந்த பிரேக் எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு வைத்துக்கொண்டாலும் 26 மீட்டர்தான். அந்தத் தூரத்தில் தரை நன்றாகத் தெரிய 5 லக்ஸ் போதும். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் வரும் என்பதால், எனக்குத் தேவை 3,500 கேண்டெலாவுக்குள் முடிந்துவிடுகிறது. மீதி 56,000-ஐ யார் மேலாவது கொட்டத்தான் போகிறேன். அதுவும் நடு வட்டம் அவ்வளவு குறுகலாக இருப்பதால் சக்கரத்துக்கு முன்னால் உள்ள குழி ஓர வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரிகிறது. நிறமும் குளிர்ந்த வெள்ளை, 70 சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு, 100 முழு மதிப்பு), செம்மண்ணும் சருகும் பாம்பும் எல்லாம் ஒரே சாம்பல்.

இரண்டாவது வகைதான் நான் ரொம்ப நாள் நம்பி ஓட்டியது. எமிசார் டி4வி2 மாதிரி, நாலு எல்இடி, அதன் மேல் டிஐஆர் லென்ஸ் (ரிஃப்ளெக்டருக்குப் பதில் ஒளியைக் குவிக்கும் பிளாஸ்டிக் லென்ஸ்), ஒரே ஒரு 18650 செல். நாலும் நிச்சியா 519ஏ எல்இடி, 4500 கெல்வின் (வெள்ளையின் சாயல், எண் குறைந்தால் மஞ்சள் பக்கம், கூடினால் நீலப் பக்கம்). இந்த எல்இடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. சிஆர்ஐ 90-க்கு மேல், சிவப்பு நிறம் சிவப்பாகவே தெரியும், தெளிவாகச் சொன்னால் உங்கள் உள்ளங்கையில் டார்ச் அடித்தால் அது உங்கள் கையாகவே தெரியும். சாம்சங் எல்எச்351டி-யும் 90 சிஆர்ஐதான், ஆனால் எனக்கு வந்தவற்றில் லேசான பச்சை இருந்தது. லுமினஸ் எஸ்எஸ்டி-20 4000 கெல்வின் 95 சிஆர்ஐ வகை நிறத்தில் இதற்குச் சமம், கொஞ்சம் கூடுதல் தூரமும் போகும், குறைந்த மின்னோட்டத்தில் மட்டும் பச்சை எட்டிப் பார்க்கும். சிஆர்ஐ கூடினால் லூமன் (மொத்த ஒளியின் அளவு) குறையும் என்பது உண்மை, ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கண் வெளிச்சத்தை அப்படி நேர்கோட்டில் அளப்பதில்லை. 500-க்கும் 400-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குட்டைக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரிவதற்கு அந்த ஐந்தில் ஒரு பங்கை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

சரி, குறை எங்கே? முதலில் சூடு. 3,000, 4,000 லூமன் என்று போட்டிருப்பது எல்லாம் அந்தச் சின்ன உடம்பில் சில வினாடிகள்தான், அப்புறம் தானாகவே இறங்கிவிடும். எஃப்எல்1 தரத்தில் லூமனை அளப்பது எரிய ஆரம்பித்து 30 வினாடியில், அதற்குப் பிறகு நடப்பது அந்த எண்ணில் வராது. சிங்கப்பூரில் இரவிலும் 27, 28 டிகிரி. ஓடும்போது காற்று பட்டுச் சமாளிக்கும், சிக்னலில் நின்றதும் கை வைக்க முடியாது. இரண்டாவது குறையை எனக்குக் காட்டியவர் ஒரு அம்மா.

புக்கிட் பாத்தோக்கில் ஒரு நாற்சந்தி. நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் எழுபதுக்கு மேல் இருக்கும், காய்கறித் தள்ளுவண்டியோடு ஒரு தமிழ் அம்மா, முதியோர் அட்டையைக் கம்பத்தில் தட்டினார். கிரீன் மேன் பிளஸ், 2009-லிருந்து இருக்கிற ஏற்பாடு, அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் சில வினாடிகள் கூடுதலாக நிற்பார். பச்சை வந்தது, அவர் இறங்கினார், நானும் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கை வண்டியில், இன்னொரு கை புருவத்துக்கு மேலே. பக்கத்தில் வந்ததும், "தம்பி, வெளிச்சத்தக் கொஞ்சம் கீழ காட்டுப்பா. கால் வைக்கிற எடமே தெரியல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மன்னிச்சிடுங்கம்மா என்று சொல்லி கையால் டார்ச்சை மூடிக்கொண்டேன். அவருக்கு அட்டை கொடுத்த கூடுதல் வினாடிகளை என் விளக்கு தின்றுவிட்டது. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஏனென்றால் நான் டார்ச்சைக் கீழேதான் சாய்த்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடி உயரம் 1 மீட்டர். ஒளியின் நடு 8 மீட்டர் தள்ளித் தரையில் விழுகிற மாதிரி சாய்த்தால், சாய்வு 7 டிகிரி. அதே 8 மீட்டரில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், அதாவது என் டார்ச்சிலிருந்து மூன்றரை டிகிரி மேலே. இரண்டையும் கூட்டினால் ஒளியின் நடுவிலிருந்து பத்தரை டிகிரி. நாலு எல்இடி பரவல் லென்ஸில் பத்தரை டிகிரி என்பது இன்னும் நடு வெளிச்சத்துக்குள்தான். அந்தக் கோணத்தில் தோராயமாக 1,300 கேண்டெலா போனாலும் 8 மீட்டரில் அவர் கண்ணில் 20 லக்ஸ். வயதானவர் கண்ணில் வில்லை கொஞ்சம் மங்கியிருந்தால், விழுந்த ஒளி உள்ளேயே சிதறி முழுப் பார்வையையும் பால்போல் மூடிவிடும், பிறகு இருட்டுக்குப் பழகவும் நம்மைவிட அவருக்கு அதிக நேரம் ஆகும். வேடிக்கை என்னவென்றால், தூரம் அடிக்கிற முதல் வகையைச் சாய்த்து வைத்தால் இந்தக் கோணத்தில் இவ்வளவு கண் கூசாது, ஏனென்றால் அதன் நடு வட்டம் மூன்று டிகிரியிலேயே முடிந்துவிடும். ஆனால் ஒரு மேட்டில் முன்சக்கரம் ஏறினால் 60,000-மும் நேராக முகத்தில். எது மேல் என்று கேட்டால் இரண்டும் வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, ஒற்றை எல்இடி குழாய் டார்ச். கான்வாய் எஸ்2+ வகை, 18650 ஒன்று, ஒரே ஒரு 519ஏ அல்லது எஸ்எஸ்டி-20, மேடுபள்ளம் உள்ள ஆரஞ்சுத்தோல் ரிஃப்ளெக்டர். விலை குறைவு, எடை குறைவு, 300 லூமனில் வைத்தால் சூடே ஏறாது. நடு வட்டமும் அளவாக இருக்கும், ஓர வெளிச்சமும் போதும். மேல்நோக்கிப் போகிற ஒளி முன்சொன்ன நாலு எல்இடியைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. வட்டமான ரிஃப்ளெக்டர் எதுவாக இருந்தாலும் கீழே எவ்வளவு போகிறதோ அவ்வளவு மேலேயும் போகும்.

நாலாவது, வெட்டுக்கோடு உள்ள சைக்கிள் விளக்கு. கார் ஹெட்லைட்டின் லோ பீம் மாதிரி, ஒரு கோட்டுக்கு மேலே ஒளியே போகாதபடி ரிஃப்ளெக்டரோ லென்ஸோ செய்திருப்பார்கள். ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 10 மீட்டரில் நடுவில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும், கோட்டுக்கு மேலே கண் இருக்கிற பகுதியில் 2 லக்ஸைத் தாண்டக் கூடாது. முன்விளக்கு மினுக்கவும் கூடாது. அந்த 2 லக்ஸை நான் கணக்குப் போட்ட 8 மீட்டருக்குக் கொண்டு வந்தால் 3 லக்ஸ். அந்த அம்மாவின் கண்ணில் நான் அடித்தது 20. இதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வாதமே தேவைப்படவில்லை. தரையில் விழுகிற வெளிச்சமும் இதில்தான் உருப்படி, மேலே போகிற பாதியும் கீழே திரும்பி வருவதால் 300 லூமனிலேயே பாதை விளிம்பு வரை நிரம்புகிறது.

டார்ச் பிரியர்களுக்கு இதில் இரண்டு மனக்குறை உண்டு, எனக்கும் உண்டு. ஒன்று, பெரும்பாலானவற்றில் எல்இடி குளிர்ந்த வெள்ளை, 70 சிஆர்ஐ. மழைத்தூறலில் எனக்கு அது முன்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டது போலத் தெரியும். இன்னொன்று, பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிடுவார்கள். மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்ததும் விளக்கே குப்பை. ஆனால் லுமின்டாப் பி01 மாதிரி வெட்டுக்கோடும் இருந்து, 21700 செல்லையும் நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய விளக்குகள் இருக்கின்றன. தேடி அப்படி ஒன்றை வாங்குங்கள்.

இனி செல். இங்கேதான் நிறையப் பேர் பணத்தையும் தூக்கத்தையும் தொலைக்கிறார்கள்.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம். நல்லது என்றால் 3,000 முதல் 3,500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு). 9,900 என்று அச்சடித்து வருவது பொய், வாங்காதீர்கள். தராசில் வைத்தாலே தெரிந்துவிடும், நிஜமான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். 21700 என்றால் 70 கிராம், 4,000 முதல் 5,000. சராசரி 3.6 வோல்ட் என்று பெருக்கினால் 3,500 எம்ஏஎச் 18650-யில் 12.6 வாட்-மணி, 5,000 எம்ஏஎச் 21700-இல் 18. வெட்டுக்கோட்டு விளக்கை 3 வாட்டில் ஓட்டினால் முதலாவது நாலு மணி நேரம், இரண்டாவது ஆறு. என் பயணம் ஐம்பது நிமிடம். ஆகவே எனக்கு 18650 போதும், ஆனால் வாரம் ஒருமுறை மட்டும் சார்ஜ் செய்ய விரும்புகிறவர்களுக்கு 21700. ஏஏ அளவு நிக்கல் செல்லும் (எனலூப் வகை) ஒரு வழிதான். 2,000 எம்ஏஎச், 1.2 வோல்ட், 2.4 வாட்-மணி. பயமே இல்லாத செல், எங்கும் கிடைக்கும், ஆனால் 100 லூமனில் ஒன்றரை மணி நேரம்தான். அதைப் பையில் அவசர விளக்காக வைத்துக்கொள்கிறேன்.

கொள்ளளவா, மின்னோட்டமா என்றும் கேட்பார்கள். சாம்சங் 30கியூ, சோனி விடிசி6, மோலிசெல் பி42ஏ எல்லாம் அதிக மின்னோட்டம் தருகிறவை, நாலு எல்இடி டார்ச்சை டர்போவில் (முழு வெளிச்சத்தில்) ஓட்ட அவை வேண்டும். சைக்கிளில் டர்போவுக்கு இடமே இல்லை. ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் கூடக் குறைய எடுக்கிற விளக்குக்கு 3,500 எம்ஏஎச் கொள்ளளவு செல்லே சரி.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஸ்பிரிங். பின்னால் கிளிக் பொத்தான் உள்ள டார்ச்சில், பொத்தானை அரைகுறையாக அழுத்தினால் மின்சாரம் ஒரு கணம் துண்டிக்கப்பட்டு அடுத்த அளவுக்கு மாறும். செல்லின் ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் இருந்தால், சைக்கிள் ஒரு மேட்டில் குலுங்கும்போதும் அதே கணத் துண்டிப்பு நடக்கும். டார்ச்சுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கு ஒருமுறை நடைபாதைச் சரிவில் இறங்கும்போது 300 லூமனிலிருந்து முழு வெளிச்சத்துக்குத் தாவியது, எதிரே குழந்தை வண்டியோடு ஒரு பெண். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஸ்பிரிங், பக்கவாட்டில் மின்னணுப் பொத்தான், அளவைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்கிற டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) இவை இல்லாமல் எதையும் கைப்பிடியில் மாட்டுவதில்லை. செல்லுக்குள்ளேயே பாதுகாப்புச் சுற்று உள்ளது நல்லதுதான், அது மூன்று நாலு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், சில டார்ச்சில் நுழையாது. இன்னொரு விஷயம், மின்னழுத்தம் குறைந்ததும் பாதுகாப்புச் சுற்று பட்டென்று அணைத்துவிடும். டிரைவரே 3 வோல்ட் பக்கம் வந்ததும் வெளிச்சத்தைப் படிப்படியாக இறக்கி எச்சரிக்கிற விளக்கு என்றால் இருட்டில் திடீரென்று குருடாக மாட்டோம்.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்கள் சார்ஜ் விஷயத்தில் சோம்பல்படக் கூடாது. மின்ஸ்கூட்டர் பேட்டரி தீப்பிடித்து எத்தனை வீடு கருகியது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நம் செல் சின்னது, ஆனால் வேதியியல் அதே குடும்பம். மேலுறை கிழிந்த செல்லைத் தூக்கிப் போடாமல் புதுச் சுருக்கு உறை மாட்டுங்கள், நசுங்கியதை மறுசுழற்சித் தொட்டியில் சேருங்கள், சாவியோடு சட்டைப் பையில் போடவே போடாதீர்கள், இரவு தூங்கும்போது சார்ஜரில் வைக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது உதிரிச் செல்கள் பிளாஸ்டிக் டப்பாவில், கையோடு கொண்டுபோகும் பையில்.

விளக்கு சரி, கடக்கிற இடத்தில் ஓட்டுகிறவர் என்ன செய்வது? இங்கே 2019 பிப்ரவரி 1 முதல், நடைபாதையில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், சாலை கடக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று வழக்கம் பார்க்கிறேன். பச்சை மனிதன் மினுக்கும்போது வேகமெடுத்துப் பாய்கிறவர்கள் ஒரு வகை, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நின்று, கூட்டம் போனதும் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் போவது இன்னொன்று. இறங்கி உருட்டுவது மூன்றாவது. ஆள் இல்லாத பதினொரு மணிக்கு இரண்டாவது போதும். ஒரே ஒருவர் எதிரே வந்தாலும் நான் இறங்கிவிடுவேன். உருட்டும்போது வண்டி நம் கட்டுப்பாட்டில் இருக்கும், நாம் வண்டியின் ஒரு பக்கம் இருப்பதால் எதிரே வருகிறவருக்கு நம் முகமும் தெரியும், எந்தப் பக்கம் விலகுவது என்று அவருக்குப் புரியும்.

வெட்டுக்கோடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. அந்தப் பக்கம் நடைபாதைச் சரிவில் முன்சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறினால், இரண்டு சக்கரத்துக்கும் இடையே ஒரு மீட்டர் என்பதால், விளக்கு ஏறக்குறைய 6 டிகிரி மேலே தூக்கும், கோடு அங்கே நிற்கிறவர்கள் முகத்துக்கு மேலே போய்விடும். அதனால் சாலையில் இறங்குவதற்கு முன்பே குறைந்த அளவுக்கு மாற்றிவிட வேண்டும். தெருவிளக்கு இருக்கிற இடத்தில் 50 லூமன் தாராளம், நாம் இருக்கிறோம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தால் சரி. இதைக் கையுறையோடு, பார்க்காமல், ஒரே அழுத்தலில் செய்ய முடிகிற பொத்தானா என்று வாங்கும்போதே பாருங்கள். இரண்டு அழுத்து அழுத்தினால் டர்போ என்கிற வகை அவசரத்தில் தப்பாகத்தான் போகும்.

இப்போது என் சைக்கிளில் இருப்பது வெட்டுக்கோடு உள்ள விளக்கு, 21700 போடக்கூடியது, ஆனால் நான் ஒரு குழாய் அடாப்டரோடு 3,500 எம்ஏஎச் 18650-ஐத்தான் போட்டு ஓட்டுகிறேன், ஏனென்றால் அதே செல் இரண்டாவது டார்ச்சுக்கும் பொருந்தும். அந்த இரண்டாவது, 519ஏ 4500 கெல்வின் போட்ட ஒற்றை எல்இடி குழாய் டார்ச். அது கைப்பிடியில் இல்லை, முன்பையில் இருக்கிறது. காரிடாரில் ஏதோ அசைகிறது என்றால் நின்று அதை எடுத்து அடிப்பேன், டயர் பஞ்சரானாலும் அதுதான், ரப்பரில் ஏறிய முள்ளின் நிறம் அதில்தான் பிரிந்து தெரிகிறது. நாலு எல்இடி டார்ச் வீட்டில் மின்வெட்டுக்கு என்று இருக்கிறது, இங்கே மின்வெட்டு வருவதே இல்லை என்றாலும் அதை விற்க மனம் வரவில்லை.

வாங்குகிறவர்கள் மாட்டிய அன்றைக்கே ஒன்று செய்யுங்கள். புளோக்குக்குக் கீழே இரவில் சைக்கிளை நிறுத்தி, ஒருவரைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், நீங்கள் எட்டு எட்டு வைத்து முன்னால் போய்த் திரும்பிப் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் குனிந்து, உங்கள் அம்மாவின் உயரத்துக்கு வந்து பாருங்கள். முன்சக்கரத்தை ஒரு செங்கல் மேல் ஏற்றி இன்னொரு தடவை பாருங்கள். விளக்குக்குப் பின்னால் நிற்கிறவரின் முகம் தெரிந்தால் சாய்வு சரியாக இருக்கிறது, திருகை இறுக்கிவிடலாம்.